பின்பலகையின் இரண்டு பக்கம்

என் கணவரின் அண்ணனுக்கும் எனக்கும் ஆகாது. மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு கட்டுகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒரே படகில் அவர் முன்னால் ஸ்டியரிங் பிடிப்பார், நான் பின்னால் கயிறு பிடிப்பேன், நடுவில் சுற்றுலா வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர்களில் யாரிடமாவது இங்கிலீஷில் சொல்வார். "டெல் ஹெர், ரோப்." அந்த வெள்ளைக்காரம்மா திரும்பி என்னைப் பார்த்து, தயங்கித் தயங்கி, "ரோப்" என்பாள். கயிறு அதற்கு முன்பே என் கையில் இருக்கும். நானும் அதே அம்மாவிடம், "டெல் ஹிம், ஐ நோ" என்பேன். அந்தம்மா அதையும் சொல்லிவிட்டு, இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொள்வாள்.

படகு அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து வாங்கியது. பழைய ஃபைபர் படகு, எங்களுக்கு முன்னால் எத்தனையோ கை மாறியது. என் கணவர் ஓட்டினார். மூத்தவர், அவரை இப்படியே சொல்லிவிடுகிறேன், ஜூ டவுன் முனையிலும் போர்ட் கொச்சியிலும் நின்று ஆள் பிடித்து வருவார். எந்த நாட்டுக்காரனிடமும் 'டால்பின்' என்று அவனுடைய பாஷையில் சொல்ல அவருக்குத் தெரியும். பிறகு என் கணவர் கல்ஃபில் ஒரு துறைமுக வேலைக்குப் போனார், மூத்தவர் ஸ்டியரிங்குக்கு வந்தார். பின்னால் நிற்க ஆள் வேண்டும். சம்பளத்துக்கு வந்தவர்கள் யாரும் மூத்தவரின் வாய்க்கு முன்னால் ஒரு மாசம் தாக்குப்பிடிக்கவில்லை. கடைசியில் என் கணவர்தான் போனில் சொன்னார். "நீயே போயேன். உனக்குத்தான் எஞ்சின் தெரியுமே."

தெரியும்தான். கல்யாணமான புதிதில் அவருக்கு டார்ச் பிடிக்கப் போனேன். அப்புறம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம், எஞ்சினுக்குப் பின்னால் அவர் கை நுழையாத இடத்தில் என் கை நுழைகிறது என்று தெரிந்ததும், பாதி வேலை என்னுடையதாகிவிட்டது. எண்ணெய் மாற்றுவேன், பம்ப்பின் ரப்பர் சக்கரம் மாற்றுவேன். மூத்தவருக்கு இது ஒரு நாளும் பிடித்ததில்லை. தம்பி பொண்டாட்டி கையில் கிரீஸோடு ஜெட்டியில் ஏறி வருவது குடும்பத்துக்கே மானக்கேடு என்று என் மாமியாரிடம் போய்ச் சொன்னவர் அவர். நான் இல்லாவிட்டால் படகு கிளம்பாது என்பது அதைவிட அவருக்கு எரிச்சல்.

அந்த வருஷம் சீசன் முடிகிற சமயத்தில், திருப்பும்போதெல்லாம் பின்னால் 'டக், டக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. எங்கள் படகில் எஞ்சின் உள்ளே இருக்கும். தண்ணீரைத் தள்ளும் விசிறி வெளியே, படகின் முதுகில் தொங்கும் ஒரு காலின் நுனியில் இருக்கும். அதை லெக் என்றுதான் சொல்வோம். உள்ளே எஞ்சின், வெளியே லெக், நடுவில் படகின் பின்பலகை. அந்தப் பலகையைத் துளைத்துப் போகும் சில போல்ட்டுகள் ஒரு அலுமினியக் கூட்டைப் பலகையோடு இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தக் கூட்டில்தான் லெக் தொங்கும். போல்ட்டின் தலை வெளியே, நட்டு உள்ளே. போல்ட் போனால் லெக் போகும். லெக் போன ஓட்டை வழியே படகும் போகும்.

நான் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்னால், ஒவ்வொரு நட்டின் கீழும் காப்பிக் கறை மாதிரி ஒரு கோடு வழிந்து இறங்கியிருந்தது. ஒரு நட்டை விரலால் தேய்த்தேன். அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"போல்ட் எல்லாம் தின்னு போச்சு" என்றேன், நேராக அவரைப் பார்த்து.

அவர் ஜெட்டியில் நின்றிருந்த இன்னொரு படகுக்காரரிடம் சொன்னார்: "பாயல் சுத்தியிருக்கும். வெறுதே ஏதாவது சொல்லிட்டிருக்கா. பொம்பளைங்களுக்குப் பார்க்கிறதெல்லாம் துரு."

காயலில் மிதந்து வரும் பாயல் செடி விசிறியில் சுற்றுவது உண்டுதான். ஆனால் பாயல் சுற்றினால் எஞ்சின் திணறும், பலகை அதிராது. அதை நான் சொல்லவில்லை. எனக்கும் திமிர் இருந்தது. மூழ்கினால்தான் தெரியும் என்று நினைத்தேன்.

கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. போர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவில், கப்பல் போகிற ஆழத்தில், ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். வண்டிகளைச் சுமக்கும் ஜங்கார் படகு வைப்பினிலிருந்து எங்களை நோக்கி வந்தது. மூத்தவர் வலப்பக்கம் ஒடித்தார். பின்னால் ஏதோ உடைந்த சத்தம். லெக் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது, படகு திரும்பவில்லை. என் காலடியில் தண்ணீர் குளிர்ந்தது.

"எஞ்சினை அணைங்க!" என்று கத்தினேன்.

"அணைச்சா ஜங்கார் மேல போய் ஏறும்!"

"அணைக்காட்டி லெக் கழண்டு விழும்! அணைங்க சேட்டா!"

பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் நேராகப் பேசிக்கொண்டது அதுதான். அவர் அணைத்தார். ஜங்கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனார். அந்தக் குடும்பத்துத் தாய் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு அழுதாள். நான் துணியையும் லைஃப் ஜாக்கெட்டையும் எஞ்சினுக்குப் பின்னால் திணித்துவிட்டு, தண்ணீரை வாளியால் இறைத்தேன். ஒரு மீன்பிடி வள்ளம் வந்து எங்களைக் கட்டி இழுத்தது. கரைக்கு வந்ததும் மூத்தவர் அந்தக் குடும்பத்திடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். என்னிடம் திரும்பி, "நல்லா பாத்துக்கிட்டே நீ. பின்னால நிக்கிறது எதுக்கு?" என்றார்.

மழை தொடங்கியதும் படகைக் கால்வாய் ஓரத்து யார்டில் ஏற்றினோம். மீன்பிடி படகுகள் எல்லாம் தடைக்காலத்தில் கரை ஏறியிருந்ததால் மெக்கானிக்குகளைப் பிடிக்க முடியவில்லை. எறணாகுளத்திலிருந்து வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சினை வெளியே எடுக்காமல் கூட்டைக் கழற்ற முடியாது, எஞ்சினை எடுக்க மேல்தளத்தை அறுக்க வேண்டும் என்றார். எஞ்சின் வைத்த பிறகு யாரோ அதன் மேல் தளமும் பெஞ்சும் கூரையும் கட்டியிருந்தார்கள். அறுக்க வேண்டாம், எஞ்சினைக் கழற்றி முன்னால் ஒரு முழம் தள்ளினால் போதும், அந்த இடுக்கில் என் கை போகும் என்று நான் சொன்னேன். மெக்கானிக் என் கையைப் பார்த்தார். "பின்ன நீங்களே செஞ்சுக்கோங்க" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படித்தான் நானும் மூத்தவரும் ஒரு பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவர் வெளியே, தார்ப்பாயின் கீழ், சேற்றில் ஒரு முக்காலி போட்டு. நான் உள்ளே, எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவில், ஒருக்களித்துப் படுத்து. யார்டுக்காரர் ஒரு மலையாளி, வேலை எதுவும் செய்யமாட்டார், இடத்துக்கு வாடகை வாங்கிக்கொண்டு பேப்பர் படிப்பார். முதல் சில நாட்கள் எங்களுக்கு நடுவில் தகவல் சொல்லும் வேலை அவருக்கு வந்து சேர்ந்தது.

"சேட்டா, அவகிட்ட சொல்லு, நட்டைப் பிடிக்கச் சொல்லு."

"சேட்டா, அவர்கிட்ட சொல்லுங்க, நட்டு இருந்தாத்தானே பிடிக்க."

யார்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார். "எந்தொரு கஷ்டம். நிங்ஙள் ரெண்டு பேருக்கும் காது கேக்கும்தானே?"

முதலில் லெக்கைக் கழற்ற வேண்டியிருந்தது. அதைச் சுற்றியிருந்த நட்டுகள் அலுமினியத்தோடு ஒட்டி, சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. எண்ணெய் ஊற்றி ஊற வைத்தோம், சுத்தியலால் தட்டினோம், மறுபடி ஊற்றினோம். இரண்டு உடைந்தே வந்தன. செயின் பிளாக்கில் தொங்கவிட்டு லெக்கைப் பின்னால் இழுத்தபோது, உள்ளேயிருந்த ரப்பர் குழாய் சிப்பி மொய்த்து, தொட்டதும் கிழிந்தது. லெக்கின் அடியில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். உப்புத் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னாமல் முதலில் அதைத் தின்னட்டும் என்று வைக்கிற கட்டி. அது கரைந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கள் கட்டி புத்தம் புதிதாக இருந்தது. மேலே பளபளவென்று நீலப் பெயின்ட்.

"இதுக்கு யாரு பெயின்ட் அடிச்சா?" என்று நான் ஓட்டை வழியாகக் கேட்டேன்.

படகு முழுக்க அந்த நீலத்தை அடித்தவர் அவர்தான்.

"பெயின்ட் அடிச்சா அது வேலை செய்யாது. அதைத் தின்னாம, மத்ததை எல்லாம் தின்னுருக்கு."

"பார்க்க நல்லாருக்கணும்னு அடிச்சேன்" என்றார், யார்டுக்காரரிடம்.

கூட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கிரைண்டரால் அறுத்தோம். அவர் வெளியே தலையை அறுப்பார், நான் உள்ளேயிருந்து கம்பியை வைத்துத் தட்டி வெளியே தள்ளுவேன். சொல்லாமல் கிரைண்டரைப் போட்டுவிடுவார், தீப்பொறி துளை வழியாக என் முகத்தில் விழும். நானும் சொல்லாமல் தட்டுவேன், போல்ட் பாய்ந்து போய் அவர் முழங்காலில் விழும். ஒரு தடவை அவர் கெட்ட வார்த்தை சொன்னார். நான் அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னேன். யார்டுக்காரர் எழுந்து சாயா குடிக்கப் போய்விட்டார்.

கூடு வந்த பிறகு, பலகையில் ஆப்பச் சட்டி அகலத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. ஓட்டையைச் சுற்றி, உள்ளே இருந்த பிளைவுட் ஊறிப் போய்ப் புளித்த வாடை அடித்தது. அழுகியதைக் கரண்டியால் தோண்டி எடுத்தோம், பல்பு போட்டு உலர்த்தினோம், பிசினும் ஃபைபரும் வைத்து அடைத்தோம். அது காய்கிற வரை இரண்டு பேரும் வேறு வேறு மூலையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம்.

அடுத்த சண்டை போல்ட்டுக்கு. அவர் பஜார் ரோட்டில் எங்கோ வாங்கி, ஒரு பையோடு வந்தார். பளபளப்பாகத்தான் இருந்தன. நான் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை வைத்தேன். எல்லாம் கூட்டமாக வந்து ஒட்டிக்கொண்டன.

"வெறும் இரும்பு. மேல முலாம். நல்ல ஸ்டெயின்லெஸ்ல காந்தம் ஒட்டாது."

"கடைக்காரன் எஸ்எஸ்னுதான் சொன்னான்."

"போன தடவையும் அப்படித்தான் சொல்லியிருப்பான். போன தடவை போட்டதும் நீங்கதானே?"

அவர் முக்காலியை உதைத்துவிட்டு எழுந்தார். "எல்லாத்துக்கும் நான்தான் காரணம், இல்லையா? உன் புருஷன் ஓட்டின காலத்துல ஒண்ணும் நடக்கலையா? சொல்லு. அவன் போட்ட போல்ட் இல்லையா அது?"

அது எனக்குத் தெரியாது. என் கணவர் போட்டதாகவும் இருக்கலாம். அப்போது நான் அதைக் காதில் வாங்கவில்லை. தோப்பும்படிக்குப் போய், மீன்பிடி படகுகளுக்குச் சாமான் விற்கும் கடையில் கடலுக்கென்றே வரும் எஸ்எஸ் போல்ட்டாகப் பார்த்து நானே வாங்கி வந்தேன்.

பிசின் காய்ந்த பிறகு கூட்டைத் திரும்ப மாட்டுகிற நாள் வந்தது. இந்த வேலையில் அவசரம் உண்டு. பலகைக்கும் கூட்டுக்கும் நடுவில் சீலண்ட் என்கிற கறுப்புப் பசையைத் தடவ வேண்டும். தடவிவிட்டால், அது இறுகுவதற்குள் எல்லா நட்டையும் உள்ளேயிருந்து முறுக்கி முடித்துவிட வேண்டும். பாதியில் விட்டால் கோணலாக இறுகிவிடும், மறுபடி சுரண்டி எடுத்துத் தொடங்க வேண்டும். யார்டுக்காரர் அன்று களமசேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதனால் நாங்களே பேசிக்கொண்டோம்.

"தூக்குறேன்."

"இன்னும். இடது பக்கம்."

"மதியா, போதுமா? போல்ட்டைப் போடுறேன், பிடி."

"பிடிச்சாச்சு."

நட்டுகளைக் கையால் போகிற வரை திருகிவிட்டு, ஸ்பானர் எடுக்கப் படகின் முன்பக்கம் போனேன். ஸ்பானரோடு திரும்பி வந்து இடுக்கில் நுழைந்து படுத்தபோது, வெளியே மூத்தவரின் போன் அடித்தது. அவர் கையெல்லாம் பசை. புறங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார் போலிருக்கிறது. நான் முன்னால்தான் இருக்கிறேன் என்று நினைத்திருப்பார். கூட்டின் நடுவில், எஞ்சினின் தண்டு போகிற துவாரம் திறந்தே இருந்தது. அது வழியாக என் கணவரின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தது.

"எதுவரை ஆச்சு?"

"கூடு மாட்டியாச்சு. நட்டு முறுக்கணும்."

"ஹோட்டல்காரன் ரெண்டு தடவை கூப்பிட்டான். சீசனுக்கு முன்னாடி படகு அவன் கையில வேணுமாம். உன்னையே டிரைவரா வெச்சுக்கிறேன்னு சொல்லிட்டான்."

"அவகிட்ட சொன்னியா?"

"இப்ப வேண்டா. வேலை முடியட்டும். உள்ள அவ கைதான் எட்டும். இப்பச் சொன்னா அவ பாதியில போட்டுட்டுப் போயிருவா. முடிஞ்சதும் நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

இதுவரை என் கணவரை 'அவர்' என்று எழுதி வந்தேன். இனி அது வராது.

முந்தின ராத்திரி என்னிடம் பேசியவன்தான் இவன். அண்ணன் வாய் அப்படித்தான், நீ பொறுத்துக்கோ, நம்ம படகு, நம்ம பிழைப்பு என்றான். களமசேரியில் படிக்கிற மகளுக்கு விடுமுறை விட்டால் அவளையும் ஒரு நாள் படகில் கூட்டிப் போ என்றான். அப்போதே படகை ஒரு ஹோட்டலுக்கு விலை பேசிவிட்டுத்தான் பேசியிருக்கிறான்.

அழுகை வரவில்லை. துவாரத்துக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "சேட்டா, போனை இங்க காட்டுங்க" என்றேன்.

வெளியே முக்காலி சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

"யாரது?" என்றான் என் கணவன்.

"கை எட்டுற ஆளு."

"ஏய்... நீ... தப்பா எடுத்துக்காத. நான் சொல்றதைக் கேளு. மழையிலயும் வெயில்லயும் நீ எவ்வளவு காலம்..."

மிச்சத்தை நான் கேட்கவில்லை. இடுக்கிலிருந்து வெளியே வந்தேன். ஸ்பானரைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டேன். ஏணி வழியாக இறங்கியபோது மூத்தவர் பசைக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி எதிரில் நின்றார்.

"எங்க போற? சீலண்ட் இறுகிரும்! முறுக்கிட்டுப் போடீ!"

"நீங்க முறுக்குங்க."

"என் கை போகாதுன்னு தெரியும்ல!"

"அப்ப ஹோட்டல்காரனை முறுக்கச் சொல்லுங்க."

பஜார் ரோடு வழியாக நனைந்துகொண்டே நடந்தேன். கிடங்கு வாசல்களில் சுக்கு மூட்டைகளைச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்தேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தேன். உன் நல்லதுக்குத்தான் என்றான். மூன்று விதமாகச் சொன்னான். குரல் எப்போதும் போலக் குழைவாகவே இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூத்தவர் என்னை வைதால் அது வசவு என்று எனக்குத் தெரியும். இவன் என்னைக் கழற்றி ஓரமாக வைக்கிற வேலையைக்கூடக் கொஞ்சிக்கொண்டே செய்திருக்கிறான்.

"நீ சொல்லிட்டியா? நானும் சொல்றேன்" என்றேன். "அந்த நட்டை நான் முறுக்கமாட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யார்டுக்காரர் சொல்லித் தெரிந்தது. எதிர்பார்த்த மாதிரியே சீலண்ட் கோணலாக இறுகிவிட்டது. மூத்தவர் தனி ஆளாக அதைச் சுரண்டி எடுத்தார். பிறகு ஒல்லியான ஒரு மீன்பிடி ஆளைத் தேடிப் பிடித்து வந்தார். அவன் கை உள்ளே போய்விட்டது, திரும்பி வரவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றி இழுத்திருக்கிறார்கள். அவன் வைத வசவு கால்வாயின் அக்கரை வரை கேட்டதாம். மேல்தளத்தை அறுக்க ஆசாரி வந்து அளவெடுத்தார். அறுத்துத் திரும்பக் கட்ட மழை விட வேண்டும் என்றார். மழை விடவில்லை. ஹோட்டல்காரருக்குப் பொறுமை போய்விட்டது. வேறு எங்கோ ஒரு படகைப் பேசி முடித்துவிட்டார்.

நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு செய்தி வந்த அன்றைக்கும் மீன் வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

ஒரு நாள் மதியம் மூத்தவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். குடையை மடக்கவில்லை. உள்ளே வாங்க என்று நானும் சொல்லவில்லை.

"படகு அப்படியே கிடக்கு" என்றார்.

"தெரியும்."

"விக்கணும்னு சொன்னது அவன். நான் இல்லை."

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா?"

அவர் தெருவைப் பார்த்தார். "அந்த ஹோட்டல்காரன் வெள்ளை யூனிஃபார்மும் தொப்பியும் போட்டு ஓட்டணும்னு சொன்னான். எனக்கு அதுவும் பிடிக்கல. ஆனா சொல்லல." குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "நீ இல்லாம பண்ணிரலாம்னு பார்த்தேன். முடியல. போதுமா?" என்றார்.

மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று நான் காத்திருக்கவில்லை. அவருக்கு அது வராது. வந்திருந்தால் நம்பியிருக்கவும் மாட்டேன். எனக்கு வேண்டியதைச் சொன்னேன். படகின் பதிவில் தம்பி பெயர் இருக்கிற இடத்தில் என் பெயர் வர வேண்டும். லைசன்ஸ் எடுத்ததும் பாதி நாள் ஸ்டியரிங் எனக்கு.

"அவன் ஒத்துக்க மாட்டான்."

"ஒத்துக்கலைன்னா படகு யார்டுல இருக்கட்டும். பாயல் முளைக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்லை."

"ஒத்துக்க வைக்கிறேன்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "வேற?"

"என்கிட்ட சொல்லணும்னா என்கிட்டயே சொல்லணும். நடுவுல ஊரான் யாரும் வேண்டா."

"உன்கிட்ட நான் பேசணுமா?"

"பேச வேண்டா. வையுங்க. ஆனா நேரா திட்டுங்க."

அவர் தம்பியிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் கணவன் மறுநாள் கூப்பிட்டபோது குரலில் குழைவு இல்லை. "ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்க, இல்லையா?" என்றான். சேரவில்லை என்று சொன்னேன். அது உண்மை. மூத்தவர் என் பக்கம் வந்ததாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவருக்கு ஓட்டப் படகு வேண்டியிருந்தது, எனக்கும் வேண்டியிருந்தது. பெயர் மாற இழுத்தடித்தது. மாறிய பிறகுதான் பைக்குள்ளிருந்து ஸ்பானரை எடுத்தேன்.

கூட்டை மறுபடி மாட்டிய அன்று நாங்கள் இருவரும் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அவர் பசை தடவினார், நான் நட்டுப் போட்டேன். ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு எதிரில் இருப்பதை முறுக்க வேண்டும், அப்போதுதான் சமமாக உட்காரும். நான் உள்ளேயிருந்து "மேல வலது" என்பேன், அவர் வெளியே அந்தத் தலையில் ஸ்பானரை மாட்டிக் கால் ஊன்றிப் பிடிப்பார். நான் இழுப்பேன். அவர் பிடியில் ஒரு நூல் அசைவில்லை. இவ்வளவு வெறுப்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு உறுதியாகப் பிடிக்க முடியும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓரம் முழுக்கக் கறுப்புப் பசை ஒரே சீராகப் பிதுங்கி வந்ததும், "உன் பக்கம் எப்படி?" என்று கேட்டார். "வந்திருக்கு" என்றேன். லெக்கை ஏற்றினோம், புது ரப்பர் போட்டோம், புதுத் துத்தநாகக் கட்டி வைத்தோம். அவர் பெயின்ட் டப்பாவைத் திறந்தபோது நான் அந்தக் கட்டியைச் சுற்றி டேப் ஒட்டினேன். அவர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுற்றி மட்டும் அடித்தார்.

தண்ணீரில் இறக்கியதும் இருவரும் தரைப்பலகையைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தோம். பலகை காய்ந்திருந்தது. எஞ்சினைப் போட்டு, ஜெட்டியிலிருந்து வெண்டுருத்தி பக்கம் வரை போய்த் திரும்பினோம். டக் சத்தம் இல்லை. மறுபடி பார்த்தோம். அப்போதும் காய்ந்திருந்தது.

"ஒரு சொட்டு வந்திருந்தா உன்னை அங்கயே தள்ளியிருப்பேன்" என்றார் மூத்தவர்.

"வந்திருந்தா உங்க பக்கத்துலருந்துதான் வந்திருக்கும்" என்றேன்.

நானும் லைசன்ஸ் எடுத்துவிட்டேன். இப்போது காலை அவருக்கு, மதியத்துக்கு மேல் எனக்கு. அவர் ஓட்டும்போது நான் பின்னால் நிற்பேன், நான் ஓட்டும்போது அவர் நிற்பார். நான் ஜெட்டியில் அணைக்கும்போது கொஞ்சம் இடித்தால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைவார். நேராகத்தான் வைகிறார். அவர் டால்பின் இல்லாத இடத்தில் டால்பின் காட்டும்போது நான் அந்தப் பயணிகளிடம், "அது பாயல்" என்று சொல்லிவிடுவேன். ஓணத்துக்கு அவர் வீட்டுக்கு நான் போவதில்லை, என் வீட்டுக்கு அவரும் வருவதில்லை.

என் கணவன் போன லீவில் வந்தான். சென்ட், பாதாம், மகளுக்கு ஒரு போன். வீட்டில் எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஜெட்டிக்கு வந்தான், படகில் ஒரு ரவுண்ட் போகலாம் என்றான். மூத்தவர் அன்று காய்ச்சல் என்று வரவில்லை. பயணிகளும் இல்லை. சரி, ஏறு என்றேன். கயிற்றை அவனை அவிழ்க்கச் சொன்னேன். அவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். கிடங்குகளின் பின்சுவரைத் தாண்டி, காயல் அகலமாகிற இடத்துக்கு வந்தோம். அவன் தொண்டையைச் செருமினான்.

"அன்னைக்கு நான் எதுக்கு அப்படிச் சொன்னேன்னா..."

நான் திராட்டிலை முழுக்கத் தள்ளினேன். மூக்கு தூக்கிக்கொண்டு படகு பாய்ந்தது. அவன் விழாமல் இருக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் வாய் அசைவது தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. போர்ட் கொச்சி வரை அப்படியே போய், சுற்றித் திருப்பி, அதே வேகத்தில் கொண்டுவந்து மட்டாஞ்சேரியில் இறக்கிவிட்டேன்.